‘தொடர்பு எல்லைக்கு அப்பால்’ என்பதன் பொருள் என்ன?

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐப்பசி மாதத்து மாலையொன்றில், காரைக்கால்மேட்டில் எங்கள் தெருவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் கைப்பேசியும் கையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய கணவர் விசைப்படகில் கடலுக்குச் சென்று நான்கு நாட்கள் ஆகியிருந்தன. முதல் மூன்று நாட்கள், கணவரின் எண்ணை அழைத்தபோதெல்லாம் ‘தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார்’ என்ற பதிவுக்குரல் வந்திருக்கிறது. அன்று காலையிலிருந்து, ‘சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது’ என்று அந்தக் குரல் மாறிவிட்டது. “எல்லைக்கு அப்பால்னு சொன்னவரைக்கும் கடல்லதான இருக்காருன்னு இருந்தேன் அண்ணே. இப்ப ஆஃப்னு வருதே, போன் தண்ணிக்குள்ள போயிடுச்சா?” என்று கேட்டார்.

கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைத்தொடர்புப் பொறியியல் கற்பித்து வருபவன் நான். அந்தக் கேள்விக்கான விடை எனக்குத் தெரியும். ஆனால், அதை அவருக்குப் புரியும் சொற்களில் அந்த நிமிடத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. “ஒன்றும் இருக்காது, பயப்படாதீர்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர் அன்றிரவு உறங்கியிருக்கமாட்டார். மறுநாள் நண்பகலில் படகு கரைக்கு வந்தது. கணவரின் கைப்பேசி நெகிழிப் பைக்குள் பத்திரமாக இருந்தது. அது ஒரு நிமிடம்கூட அணைக்கப்படவில்லை.

அப்படியானால் அந்தக் குரல் பொய் சொன்னதா? இந்தக் கட்டுரை அதற்கான விளக்கம்தான். டவர், சிக்னல், ஜிபிஎஸ், டிரான்ஸ்பாண்டர் என்று நாள்தோறும் நம் காதில் விழும் சொற்கள் எதைக் குறிக்கின்றன, எதைக் குறிப்பதில்லை என்பதைக் கரையில் நின்று பார்த்துச் சொல்ல முயல்கிறேன்.

அணைத்தது யார்?

கைப்பேசிக் கோபுரங்களுக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறது. தமிழகத் துறைமுகங்களில் விசைப்படகுகள் மீன்வளத் துறையிடம் டோக்கன் பெற்றுக் கடலுக்குப் போவதை நாம் அறிவோம். எந்தப் படகு வெளியே இருக்கிறது, எது திரும்பிவிட்டது என்பதை அந்தப் புத்தகம் சொல்லும். கைப்பேசிப் பதிவேடும் ஏறக்குறைய அதைப் போன்றதே. நம் கைப்பேசி எந்தக் கோபுரங்களின் வட்டாரத்தில் இருக்கிறது என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். நாம் பேசாமல் இருக்கும்போதும் கைப்பேசி குறிப்பிட்ட இடைவெளிகளில் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

நாம் கைப்பேசியை முறையாக அணைக்கும்போது, அது ‘விடைபெறுகிறேன்’ என்று ஒரு செய்தியை அனுப்பிவிட்டே உறங்கப்போகிறது. கடலுக்குள் செல்லும் கைப்பேசிக்கு அந்த வாய்ப்பு இல்லை. கோபுரத்தின் வீச்சைக் கடந்ததும் அதன் குரல் வெறுமனே கேட்காமல் போகிறது. பதிவேட்டில் அதன் பெயர் மட்டும் இருக்கும். அழைத்தால் பதில் வராது. அப்போது ‘எல்லைக்கு அப்பால்’ என்கிறது பதிவுக்குரல். பல மணி நேரம் கழித்தும் அந்தக் கைப்பேசியிடமிருந்து தகவல் வராவிட்டால், பதிவேடு தானாகவே அதன் பெயரை நீக்கிவிடுகிறது. அதன் பிறகு அந்த எண், அணைக்கப்பட்ட எண்களின் வரிசையில் சேர்ந்துவிடும். எந்த நிலையில் எந்த அறிவிப்பை ஒலிக்கவிடுவது என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் ஏற்பாட்டைப் பொறுத்தது.

ஆக, ‘சுவிட்ச் ஆஃப்’ என்று குரல் மாறியது கடலில் நடந்த எதனாலும் அல்ல. கரையில் இருந்த கணினி ஒன்று காத்திருந்து சலித்துப்போனதன் விளைவு. பதிவேட்டுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ‘இந்த எண்ணிடமிருந்து நெடுநேரமாகத் தகவல் இல்லை.’ அதை அப்படியே சொல்லாமல், யாரோ கைப்பேசியை அணைத்துவிட்டதுபோலச் சொல்கிறது அறிவிப்பு. மாநகரத்தில் இருப்பவருக்கு இந்த வேறுபாட்டால் பெரிய நட்டம் இல்லை. கடலோரத்தில் ஒரு குடும்பத்தின் இரவு அதில் அடங்கியிருக்கிறது.

இரண்டு கட்டை சிக்னல்

“ரெண்டு கட்டை டவர் காட்டுது, ஆனா கால் போகல” என்பது படகுகளில் அடிக்கடி கேட்கும் புகார். கைப்பேசியின் மேல்மூலையில் தெரியும் கட்டைகள், கோபுரத்தின் குரல் நம் கைப்பேசிக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. நம் கைப்பேசியின் குரல் கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதை அவை காட்டுவதில்லை. கோபுரம் ஒலிபெருக்கியில் பேசுகிறது என்றால், கைப்பேசி வாயால் கத்துகிறது. தொலைவு கூடும்போது ஒலிபெருக்கி நமக்குக் கேட்கும். நம் கத்தல் அங்கே போய்ச் சேராது. உரையாடலுக்கு இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்.

தொலைவுக்கு வேறு சில வரம்புகளும் உண்டு. பழைய இரண்டாம் தலைமுறைச் சேவையில், ஒரே அலைவரிசையைப் பல கைப்பேசிகள் நேரத்தைக் கூறுபோட்டுப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நொடியின் மிகச்சிறு துண்டு ஒன்று ஒதுக்கப்படும். தொலைவில் இருக்கும் கைப்பேசியின் அலை வந்து சேர நேரமாகும் என்பதால், அது சற்று முன்கூட்டியே பேசத் தொடங்க வேண்டும். இப்படி முன்கூட்டுவதற்கு வகுக்கப்பட்ட வரம்பு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அதற்கு அப்பால் எவ்வளவு தெளிவாகக் கேட்டாலும், வழக்கமான அமைப்பில் பேச முடியாது. நான்காம் தலைமுறையில் இந்த வரம்பு மிகவும் தளர்ந்திருக்கிறது. ஆனாலும், கோபுரங்களின் உணர்கொம்புகள் மக்கள் வசிக்கும் நிலத்தை நோக்கித் திருப்பப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. கடலுக்குச் செல்லும் அலை பெரும்பாலும் சிந்திய அலையே.

அரசின் எல்லையும் அலையின் எல்லையும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது, சுற்றிலும் தமிழ்நாடு. ஆனால், தொலைத்தொடர்பு உரிமங்களில் புதுச்சேரி தமிழ்நாடு வட்டத்துக்குள் அடக்கம். தனுஷ்கோடியில் நிற்பவரின் கைப்பேசியில் இலங்கை நிறுவனத்தின் பெயர் தெரிவதும் உண்டு. கைப்பேசி எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை. எந்தக் கோபுரம் கேட்கிறதோ அதனுடன் பேச முயல்கிறது. எனவே, கைப்பேசியில் தெரியும் நிறுவனத்தின் பெயரை வைத்து நாம் எந்த நாட்டின் கடலில் இருக்கிறோம் என்று முடிவுசெய்யக் கூடாது.

வயர்லெஸ் எவ்வளவு தூரம் கேட்கும்?

கைப்பேசி கைவிடும் இடத்தில் படகோட்டிகளுக்குக் கைகொடுப்பது ‘விஎச்எஃப்’ எனப்படும் கம்பியில்லாக் கருவி. இதற்குக் கோபுரமோ சிம் கார்டோ தேவையில்லை. படகிலிருந்து படகுக்கு நேராகப் பேசலாம். இதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும். பூமி உருண்டை என்பதால், அடிவானத்துக்குக் கீழே மறைந்திருக்கும் படகுக்கு அது எட்டாது. ஆகவே, கருவியின் திறனைவிட உணர்கொம்பின் உயரமே தொலைவைத் தீர்மானிக்கிறது.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இரு முனைகளிலும் உள்ள உணர்கொம்புகளின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். இரண்டு படகுகளிலும் 4 மீட்டர் உயரத்தில் உணர்கொம்பு இருந்தால், சுமார் 16 கிலோமீட்டர். அதாவது 9 கடல் மைல். கரையில் 36 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தால், அதே படகுக்குச் சுமார் 33 கிலோமீட்டர்; ஏறக்குறைய 18 கடல் மைல். ஐம்பது கடல் மைலுக்கு அப்பால் வலை இழுப்பவரைக் கரையிலிருந்து இக்கருவியால் நேரடியாக அழைக்க முடியாது. இடையில் இருக்கும் படகுகள் செய்தியைக் கைமாற்றித் தர வேண்டும். நம் மீனவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் இந்தக் கைமாற்றுக்கு, வலைப்பின்னல் பாடநூல்களில் ‘ரிலே’ என்று பெயர்.

இக்கருவியில் 16ஆவது அலைவரிசை உலகம் முழுவதும் ஆபத்து அழைப்புக்காக ஒதுக்கப்பட்டது. ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும் என்பது இதன் இயல்பு. ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை அருகிலுள்ள வேறு எவரும் அந்த அலைவரிசையில் குறுக்கிட முடியாது. வலையில் என்ன பட்டது, ஏலத்தில் என்ன விலை என்ற பேச்சு 16இல் நடந்துகொண்டிருந்தால், மூழ்கும் படகின் குரல் அதற்கடியில் புதைந்துபோகும். ‘அங்கே அரட்டை கூடாது’ என்ற விதிக்குக் காரணம் அதிகாரிகளின் கண்டிப்பு அல்ல. அந்த அலைவரிசையின் அமைப்பே அப்படிப்பட்டது.

ஜிபிஎஸ் யாருக்கும் சொல்லாது

எங்கள் ஊரில் நான் கண்ட மிகப் பெரிய தவறான நம்பிக்கை இதுதான்: “படகில் ஜிபிஎஸ் இருக்கிறது, எனவே நாம் எங்கே இருக்கிறோம் என்று அரசுக்குத் தெரியும்.” படித்தவர்களிடமும் இந்த எண்ணம் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, நேரத்தையும் தம் இருப்பிடத்தையும் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. படகிலுள்ள கருவி அந்த அறிவிப்புகளைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. கலங்கரை விளக்கத்தைப் பார்த்துத் திசை அறிவதைப் போன்றது இது. விளக்கை நாம் பார்க்கிறோம். விளக்கு நம்மைப் பார்ப்பதில்லை. இந்தியாவின் சொந்த அமைப்பான ‘நாவிக்’குக்கும் இருப்பிடம் அறிவதில் இதே முறைதான்.

இந்த வேறுபாட்டின் விலையை 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரியும் கேரளமும் கொடுத்தன. ஒக்கி புயல் உருவானபோது, பல நாள் தங்கல் தொழிலுக்குச் சென்ற படகுகள் ஆழ்கடலில் இருந்தன. அவர்கள் இருந்த தொலைவுக்குக் கைப்பேசியும் எட்டவில்லை. கரையின் விஎச்எஃப்பும் எட்டவில்லை. படகில் இருந்த ஜிபிஎஸ், தாம் எங்கே இருக்கிறோம் என்பதை அவர்களுக்குச் சொன்னது. புயல் வருகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லவும், அவர்கள் இருக்குமிடத்தைக் கரைக்குச் சொல்லவும் வழியில்லாமல் போயிற்று. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர்.

எனவே, படகுக்கு எந்தக் கருவியை யார் கொடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ‘இது எந்தத் திசையில் பேசும்?’ ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 2019இல் அறிமுகப்படுத்திய ‘ஜெமினி’ கருவி, செயற்கைக்கோள் வழியாக வரும் புயல், அலை எச்சரிக்கைகளைப் படகிலுள்ள கைப்பேசிக்குக் கொடுக்கும். அது மேலிருந்து கீழே வரும் ஒருவழிப் பாதை; அதன் மூலம் உதவி கேட்க முடியாது. இஸ்ரோ உருவாக்கிய ஆபத்துச் சமிக்ஞைக் கருவியின் முதல் தலைமுறை இதற்கு எதிர்வழி. பொத்தானை அழுத்தினால் படகின் இடம் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குப் போகும். ஆனால், ‘செய்தி கிடைத்தது’ என்ற பதில் படகுக்கு வராது. இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான் அந்தப் பதில் சேர்க்கப்பட்டது. கவிழும் படகில் இருப்பவருக்கு அந்த ஒற்றை வரி எவ்வளவு பெரிய தெம்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தொடங்கிவைத்த திட்டத்தின் கீழ், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டர்கள் இருவழிக் கருவிகள். கோபுர வீச்சுக்கு அப்பாலும் குறுஞ்செய்தி அனுப்பலாம், பெறலாம். சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை வரும். ‘டிரான்ஸ்பாண்டர்’ என்றால் கேட்டு மறுமொழி சொல்லும் கருவி என்று பொருள். இலங்கைக் கடற்படையால் கைதாகும் அச்சத்துடன் தொழில் செய்யும் காரைக்கால், நாகை மீனவர்களுக்கு இதன் பயன் பெரிது. அதே வேளையில், ‘இது எங்களைக் கண்காணிக்கும் கருவியா?’ என்ற கேள்வியும் ஊரில் எழுகிறது. அது நியாயமான கேள்வி. படகின் இடம் கரைக்குத் தெரியும் என்பது உண்மை. அந்தத் தகவல் யாரிடம் இருக்கும், எதற்குப் பயன்படும் என்பதை எளிய தமிழில் எழுதிக் கொடுத்தால் அச்சம் குறையும். விளக்கப்படாத கருவி அணைத்துவைக்கப்படும். அணைத்துவைக்கப்பட்ட கருவி எவரையும் காப்பாற்றாது.

அகலமும் தாமதமும்

விளம்பரங்கள் எப்போதும் வேகத்தைப் பற்றியே பேசுகின்றன. அவை ‘வேகம்’ என்று சொல்வது உண்மையில் அகலத்தை; ஒரு நொடியில் எவ்வளவு தகவல் பாயும் என்பதை. வாய்க்காலின் அகலம் போன்றது அது. தாமதம் என்பது வேறு: மதகைத் திறந்ததும் முதல் துளி கடைமடைக்கு வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பது. டெல்டாக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகச் செல்லும் செய்தி மேலே போய்க் கீழே வரவே கால் நொடி ஆகும். திரைப்படம் பார்க்க அகலம் வேண்டும். உயிரைக் காக்க ஒரு வரி போதும். அது உரிய நேரத்தில் வந்தாக வேண்டும்.

2004 டிசம்பர் 26 அதைத்தான் கற்றுக்கொடுத்தது. சுமத்ரா அருகே காலை 6.29 மணிக்கு நிலநடுக்கம். நம் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. நிலநடுக்கச் செய்தி உலகின் பல ஆய்வு மையங்களுக்குச் சில நிமிடங்களில் தெரிந்துவிட்டது. காரைக்கால்மேட்டுக்கு அதைக் கொண்டுவரும் பாதை இல்லை. காரைக்கால் கடற்கரையில் நூற்றுக்கணக்கானோரை இழந்தோம். அதே காலையில், புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலைசெய்த அவ்வூர் இளைஞர் தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவிப்பு ஒலித்தது. ஊர் மக்கள் கரையைவிட்டு ஓடித் தப்பினர். ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி, கேட்பவருக்குப் புரியும் தமிழ். அந்த வலைப்பின்னலில் இருந்தவை இவ்வளவுதான்.

இன்று ஹைதராபாத் மையத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை அமைப்பு இயங்குகிறது. 2023இல் நாடு முழுவதும் கைப்பேசிகள் திடீரென அலறி, சோதனைச் செய்தி வந்தது நினைவிருக்கும். அதற்குப் பெயர் ‘செல் பிராட்காஸ்ட்’. குறுஞ்செய்தி என்பது வீடுவீடாகக் கடிதம் போடுவது. ஆயிரம் பேருக்கு ஆயிரம் கடிதம். செல் பிராட்காஸ்ட் என்பது கோயில் ஒலிபெருக்கி. ஒருமுறை சொன்னால் கேட்கும் தொலைவில் உள்ள எல்லாருக்கும் போய்ச்சேரும். நெரிசலால் அது தடைபடாது. ஆனால், கோபுரம் உயிரோடு இருந்தாக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, மின்சாரம் இல்லாமல் டெல்டாவில் கோபுரங்கள் ஊமையாகிப்போனதை நாம் பார்த்தோம். கோபுரத்துக்கு மின்கலம், டீசல் மட்டும் போதாது. அதை வெளியுலகோடு இணைக்கும் கண்ணாடி இழையும் அறுபடாமல் இருக்க வேண்டும். இழை அறுந்த கோபுரம் கைப்பேசியில் முழுக் கட்டைகளைக் காட்டிக்கொண்டே எங்கும் இணைக்காமல் நிற்கக்கூடும்.

தமிழுக்கு எழுபது இடம்

இன்னொரு சிறிய நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்துகளுக்கு இடம் உண்டு, தமிழில் 70க்குத்தான். அதிலும் ‘லு’, ‘வே’, ‘ம்’ போன்ற எழுத்துகள் ஒவ்வொன்றும் இரண்டு இடம் பிடிக்கும். ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற மூன்று சொற்களுக்கு 25 இடம் போய்விடுகிறது. நாளும் நேரமும் காற்றின் வேகமும் சேர்ந்தால் செய்தி இரண்டு, மூன்று துண்டுகளாக உடையும். ஒவ்வொரு துண்டுக்கும் கிடைக்கும் இடம் இன்னும் சற்றுக் குறையும். பலவீனமான சிக்னலில் ஒரு துண்டு வந்து மற்றொன்று தாமதிக்கலாம். ஆகவே, எச்சரிக்கையை எழுதுபவர் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் வரியிலேயே வைத்தாக வேண்டும். அலுவலகக் கடிதம்போலத் தொடங்கினால், முக்கியச் சொல் கடைசித் துண்டில் சிக்கிக்கொள்ளும்.

நான் கேட்பவை மிகச் சில. பதிவுக்குரல் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லட்டும்: ‘இந்த எண்ணை இப்போது எட்ட முடியவில்லை’ என்பது உண்மையான வாக்கியம். அரசு மானியத்தில் தரும் ஒவ்வொரு கருவியிலும் அது கேட்குமா, பேசுமா, இரண்டும் செய்யுமா என்பதைத் தமிழில் பொறிக்கட்டும். பயிற்சி வகுப்புகளைப் படகோட்டிகளுக்கு மட்டும் நடத்தாமல், கரையில் காத்திருக்கும் பெண்களுக்கும் நடத்தட்டும். முதலில் பதறுபவர்கள் அவர்கள். பஞ்சாயத்தாருக்கும் கடலோரக் காவல் படைக்கும் முதலில் தகவல் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. கடலோரக் காவல் படையின் 1554 என்ற உதவி எண் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்க வேண்டும்.

அந்தப் பெண்மணியிடம் ஒரு வாரம் கழித்து, டோக்கன் புத்தகத்தை உவமையாகச் சொல்லி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே” என்றார். பிறகு ஒருநாள், பக்கத்து வீட்டு இளம்பெண் இதே பதற்றத்தோடு கைப்பேசியை நீட்டியபோது, அவரே விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: “ஆஃப்னு சொன்னா ஆஃப் இல்லடி. ரொம்ப நேரமாச்சுன்னு டவர்க்காரங்க புத்தகத்துலேருந்து பேரை எடுத்துட்டாங்க. கரை பக்கம் வந்தா திரும்ப எழுதிக்குவாங்க.”